சாக்கு

நான்கு சாக்குகள்.
மூன்று, சந்தையில் உருளைக்கிழங்குக்காரன் சும்மா தந்தவை.
நான்காவது பாசுமதி அரிசி வந்தது;
எத்தனை தரம் அவித்தும் அழியாத ஒரு சிவப்பு யானை அதில்.

நூல்நூலாக உருவினேன்,
இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து வந்து
கராஜ் கதவைச் சாத்திக்கொண்டு.
சணல் தூசிக்குத் தும்மல்.
தும்மலுக்கு, மேலே படுத்திருந்த வாசுகி
குதிக்காலால் தரையைத் தட்டுவாள்.

பழைய மீன்வலையை முதுகுக்குத் தைத்தேன்.
கறுப்பு வால்நட் தோலை வாளியில் ஊறப்போட்டுக்
காய்ச்சிய சாயத்தில் ஒரு பங்கு,
தேயிலையில் ஒரு பங்கு,
மிச்சம் அப்படியே, காய்ந்த புல்லின் நிறத்தில்.
விரல்கள் மூன்று கிழமை கறுத்துக் கிடந்தன.
ஆலையில் கேட்டார்கள்.
எண்ணெய் என்றேன்.

காடு ஒரு நிறம் இல்லை.
இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வலை வீணாயிற்று.
முதல் உடுப்பைத் தள்ளி நின்று பார்த்தால்
காடாய் இல்லை, கரடியாய் இருந்தது.

மானுக்குச் சிவப்புத் தெரியாதாம்,
நீலம் தெரியுமாம்.
சலவைத்தூளின் மினுக்கம் அதன் கண்ணில் விளக்காய் எரியுமாம்.
கண்ணாவது பரவாயில்லை, மூக்கு!
வெந்தயம், பெருங்காயம்,
சுவருக்குள் குடியிருக்கும் மீன்குழம்பு.
அப்பச்சோடாவில் இரண்டு தரம் அலசி
பின்வளவு சீடர் மரத்தில் பத்து நாள் தொங்கவிட்டேன்.
பக்கத்து வீட்டு மிஸிஸ் ஓபர்லே
வேலியோரம் விறைத்துப்போய் நின்றாள்.
பிறகு, முழங்கையில் இன்னும் கொஞ்சம் பச்சை வேண்டும் என்றாள்.
தன் பின்னல் கூடையிலிருந்து தந்தாள்.

ஒக்டோபர், முதல் சனி.
ஹனோவருக்கு வெளியே, சாகீன் ஆற்றுச் சதுப்போரம்,
விழுந்த மரத்தில் முதுகு சாய்த்து
வில்லை மடியில் கிடத்தி இருந்தேன்.
விடிந்தது. நான் விடியவில்லை.
ஒரு சிக்கடீ குருவி முழங்கையில் வந்திருந்து
மிஸிஸ் ஓபர்லேயின் பச்சையை
இழுத்துப் பார்த்துவிட்டுப் போனது.

எட்டு மணிக்குச் சருகு நொறுங்கியது.
நாணில் விரல்.
இரண்டே கால்கள், அதுவும் சப்பாத்தோடு.
டெரில் ஷாங்க், எங்கள் சூப்பர்வைசர்.
வில் இல்லை, துவக்கு இல்லை,
கையில் ஒரு தாள்.

பத்தடி தள்ளி ஒரு கட்டையில் இருந்தான்.
செருமினான்.
மரங்களிடம் கதைக்கத் தொடங்கினான்:
ஓர்டர் குறைந்துவிட்டது.
என் கையில் ஒன்றும் இல்லை.
உன் வேலையில் ஒரு குறையும் இல்லை, மார்ஸி.
உன் வேலையில் ஒரு குறையும் இல்லை, ஸ்டான்.
சாக்குகள். அவனும் இரவிரவாக இருந்து
உருவியிருப்பான்.

மூன்றாவது பெயரில் நின்றுவிட்டான்.
கதவு செய்யும் அந்த ஆலையில்
பதினொரு வருடமாய் நான் வெறும் பக்.
தாளை முகத்துக்குக் கிட்டப் பிடித்தான்.
புக, என்றான். தலையை ஆட்டினான்.
புகலேந்தி.
இல்லை என்று தனக்கே சொன்னான்.
கண்ணை மூடி, வாய்க்குள் எதையோ உருட்டி,
நாக்கை எங்கே வைப்பது என்று
தேடிக்கொண்டிருந்தான்.

வலைக்குப் பின்னால் என் நாக்கும் மடிந்தது.
இன்னும் கொஞ்சம் பின்னுக்கு, டெரில்.
அண்ணத்தைத் தொடாதே.
எழும்பித் திருத்தியிருக்கலாம்.
செத்தே போயிருப்பான்.

மூன்றாம் முறை, கிட்டத்தட்டச் சரி.

அவன் போனபின்னும் ஆஃப்டர்ஷேவ் மணந்தது.
இனி இந்தப் பக்கம் மான் வராது என்று தெரியும்.
கால் மரத்தது.
ஆனாலும் இருந்தேன், பத்தரை மட்டும்,
இல்லாத ஆளாக.

திங்கள் காலை அறைக்குக் கூப்பிட்டான்.
பக், என்றான், கதவைச் சாத்திவிட்டு வா.
நாங்கள் செய்த கதவு. சத்தமே போடாது.
உன் வேலையில், என்று தொடங்கினான்.
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.
அவன் கண் தாளில் இல்லை, என் முகத்திலும் இல்லை,
என் முழங்கையில் ஒட்டியிருந்த
ஒரு பச்சை நூலில் இருந்தது.